மூன்று நான்கு பேர் சேர்ந்து எழுதியது!

லண்டன் மாநகரிலே ஒரு மூக்குப்பொடிக் கடை. மாடியிலே வாடகைக்குக் குடியிருந்தவர்கள் அன்றாடம் உழைத்து அன்றாடம் உண்ணும் மக்கள். மாதந்தோறும் முதல் திங்கட்கிழமை மாலை, அவர்கள் எல்லோரும் கடைக்காரர் வீட்டிலே கூடுவார்கள். காசு கொடுக்க முடிந்தவருக்குத் தேநீர் உண்டு. முடியாதவருக்குத் தேநீர் கிடையாது. ஆனால் கதை உண்டு! கடைக்காரர் ‘டோம்பியும் மகனும்’ என்ற நாவலின் அந்த மாதப் பகுதியை உரக்கப் படிப்பார். கூடியிருப்போர் வாய்திறவாமல் கேட்பார்கள். அந்தக் கூட்டத்திலே ஒரு மூதாட்டி. வீடுகளைக் கூட்டிப் பெருக்கிக் கழுவிப் பிழைப்பவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அவர் வேலை பார்த்த வீடுகளிலே ஒன்று, அந்த நாவலை எழுதிய ஆசிரியரின் மாமியார் வீடு. ஆசிரியரின் மகன் அங்கே காய்ச்சலாய்ப் படுத்திருந்த சமயம், இந்தப் பிள்ளையின் தகப்பனார்தான் நீ கேட்கும் கதையை எழுதுகிறார் என்று யாரோ சொன்னார்கள். மூதாட்டி திகைத்துப் போனார். ஒரே ஆளா? மூன்று நான்கு பேராவது சேர்ந்து எழுதியிருப்பார்கள் என்றல்லவா அவர் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தார்!

கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கமாட்டேன். மூதாட்டியின் கணக்கிலே பிசகு உண்டு, எண்ணிக்கையைக் குறைத்துச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

மாலை வேளையிலே படிப்பகத்திலே கூடும் தோழர்கள் கேட்பதுண்டு: இந்தக் கதைக்காரர்கள் இத்தனை ஆட்களை எங்கேயிருந்து பிடித்துக்கொண்டு வருகிறார்கள்? மூளையிலே முளைக்கிறார்களா, தெருவிலே கிடைக்கிறார்களா? அந்த மூதாட்டியைத் திகைக்க வைத்த ஆசிரியர் சார்லஸ் டிக்கன்சின் வாழ்க்கையைச் சொன்னால் அதற்கு விடை கிடைக்கும். அத்துடன், அப்படிப் பிடிக்கப்பட்ட ஆட்கள் திரும்பிவந்து வழக்குப் பேசினால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

1812-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலே பிறந்தவர் டிக்கன்ஸ். தகப்பனார் ஜான் டிக்கன்ஸ், கடற்படையின் சம்பள அலுவலகத்திலே குமாஸ்தா. நல்ல மனிதர், நயமாகப் பேசுவார், நாலு பேருக்கு விருந்து வைப்பார். வரவு என்ன செலவு என்ன என்று மட்டும் பார்க்கமாட்டார். எட்டுப் பிள்ளைகள் பிறந்த குடும்பம். கடன் ஏறிற்று. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போயின. அடகுக் கடைக்குத் தூக்கிச் சென்றவன் சிறுவன் சார்லஸ்.

1824-இல், பன்னிரண்டு வயதைத் தொட்ட அந்தப் பிள்ளையை வேலைக்கு அனுப்பினார்கள். தேம்ஸ் ஆற்றங்கரையிலே ஹங்கர்போர்டு படித்துறையருகே ஓர் இடிந்த வீடு. அதிலே வாரன் கம்பெனியின் பூட்சு பாலிஷ் தொழிற்சாலை. தரை முழுதும் எலிகள். பாலிஷ் நிரப்பிய ஜாடியின் வாயை எண்ணெய்த் தாளால் மூடி, அதன் மேல் நீலத்தாளை வைத்து, நூலால் கட்டி, ஓரத்தை ஒழுங்காகக் கத்தரித்து, மேலே லேபிள் ஒட்ட வேண்டும். நாள் முழுதும் இதே வேலை. வாரத்துக்கு ஆறு ஷில்லிங் கூலி. வேலையிலே சேர்ந்து இரண்டு வாரம் ஆகவில்லை, ரொட்டிக் கடைக்காரருக்குத் தரவேண்டிய நாற்பது பவுன் சொச்சக் கடனுக்காகத் தகப்பனாரை மார்ஷல்ஸீ சிறையிலே அடைத்துவிட்டார்கள். சில வாரங்களில் தாயும் தம்பி தங்கைகளும் அதே சிறையிலே போய்த் தங்கினர். கடன்காரனின் குடும்பம் சிறைக்குள்ளே சேர்ந்து வாழலாம் என்பது அந்நாளைய ஏற்பாடு! சார்லஸ் மட்டும் வெளியே, தனியறையிலே. கூலியை ஆறு நாளைக்கும் ஆறாகப் பிரித்து, தாளிலே மடித்து, நாளின் பெயரை எழுதி வைத்துக்கொண்டு காலங்கழித்தான் அந்தப் பாலகன்.

அங்கே அவனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவன் பாப் பேகின். தாய் தந்தையற்ற பையன், படகோட்டியான அக்காள் புருஷன் வீட்டிலே வளர்ந்தவன். ஒருநாள் சார்லசுக்கு விலாவிலே பொறுக்கமுடியாத வலி. வைக்கோலிலே படுக்க வைத்து, காலிப் பாலிஷ் புட்டிகளிலே வெந்நீரை நிரப்பி, அரை நாள் முழுதும் விலாவுக்கு ஒற்றடம் கொடுத்தான் பாப். மாலையிலே வலி தணிந்தது. ஆயினும் தனியே விடமாட்டேன், வீடு வரையில் வந்து விட்டுவிட்டுத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தான். வீடு எது? சிறைச்சாலை! சொல்ல முடியுமா? பாலத்தைக் கடந்தார்கள். யாரோ ஒருவர் வீட்டுப் படியிலே ஏறி நின்று, இதுதான் எங்கள் வீடு என்று பாப்பின் கையைக் குலுக்கி விடைபெற்றான் சார்லஸ். பாப் திரும்பிப் பார்த்தால் நம்பவேண்டுமே என்று கதவையும் தட்டினான். திறந்து பார்த்த பெண்ணிடம், இது பாப் பேகின் வீடுதானா என்று கேட்டு வைத்தான்!

இந்தப் பாப் பேகினை மறந்துவிடாதீர்கள், தோழர்களே. அவனிடம் திரும்பி வருவோம்.

தகப்பனார் சில மாதங்களிலே விடுதலையானார். பிள்ளை தொழிற்சாலையிலிருந்து மீண்டது அதற்கும் பிறகுதான். மீண்டவனை மறுபடியும் அங்கேயே அனுப்பலாம் என்று தாய் சொன்னாள். வேண்டாம், பள்ளிக்குப் போகட்டும் என்றார் தகப்பனார். அம்மா சொன்ன அந்த ஒரு சொல்லை அந்த மகன் சாகும் வரையில் மறக்கவில்லை. அதன்பின் இரண்டரை ஆண்டு பள்ளிப் படிப்பு. பதினைந்து வயதிலே வக்கீல் அலுவலகத்திலே எடுபிடி. சுருக்கெழுத்தைத் தானே கற்றுக்கொண்டார். நீதிமன்றத்திலே குறிப்பெடுத்தார், பிறகு பாராளுமன்ற நிருபரானார். ஆறாண்டுக்கு மேலாக அவர் தொழில் ஒன்றே: பிறர் பேசுவதைக் காதால் வாங்கிக் கையால் எழுதுவது! வழக்காடுகிறவன், வண்டியோட்டி, வாக்குக் கேட்கிறவன் ஒவ்வொருவனும் எப்படிப் பேசுகிறான், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறான் என்பதெல்லாம் அந்தக் காதிலே ஏறிவிட்டது. அவருடைய பாத்திரங்களைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் இன்னார் பேசுகிறார் என்று சொல்லிவிடலாம்.

1836-இல் ‘பிக்விக்’ கதை மாத வெளியீடாக வரத் தொடங்கிற்று. விலை ஒரு ஷில்லிங். முதலிலே சில நூறு பிரதிகள்கூடச் சரியாகப் போகவில்லை. நாலாவது இதழிலே ஒரு புது ஆள் வந்தான்: லண்டன் சத்திரமொன்றிலே பிரயாணிகளின் பூட்சுகளைத் துடைக்கும் வேலைக்காரன், சாம் வெல்லர். வாயைத் திறந்தால் வேடிக்கை, உள்ளே உலக ஞானம். ஊரே அவனைக் கொண்டாடிற்று. முடிவிலே விற்பனை நாற்பதாயிரத்தை எட்டிற்று. அவன் அறிமுகமாகும் இடத்தைக் கவனிக்க வேண்டும். மார்ஷல்ஸீ சிறை இருந்த அதே பரோ வட்டாரத்துச் சத்திரம். அவன் கையிலே பூட்சு. அவன் ஏற்றும் பளபளப்பைக் கண்டால் வாரன் கம்பெனிக்காரரே பொறாமைப்படுவார் என்று போகிற போக்கிலே ஒரு கேலி. லட்சம் பேர் படித்துச் சிரித்திருப்பார்கள். அந்தப் பெயருக்குள்ளே என்ன இருந்தது என்று ஒருவருக்கும் தெரியாது!

அடுத்த ஆண்டு ‘ஆலிவர் ட்விஸ்ட்’ வந்தது. அநாதைப் பிள்ளைகளைத் திருடப் பழக்கும் கொடியவன் ஒருவன் அதிலே வருகிறான். அவனுக்கு டிக்கன்ஸ் வைத்த பெயர் பேகின்.

ஒற்றடம் கொடுத்தவனின் பெயர்! நன்றி கொன்ற செயல் என்று கோபம் வருகிறதல்லவா? எனக்கும் வந்ததுதான். யோசித்துப் பார்த்தால் வேறொன்றும் தோன்றுகிறது. அந்தப் பிள்ளைக்கு உள்ளூர இருந்த பயம் எது? இந்த எலி வளையிலேயே கிடந்து இவர்களிலே ஒருவனாகி விடுவோமோ என்பது. பாப் எவ்வளவுக்கு அன்பு காட்டினானோ, அவ்வளவுக்கு அந்தப் பிடி இறுகிற்று. கதையிலே வரும் பேகினும் பசித்த ஆலிவருக்குச் சோறு போட்டுத்தான் வலையிலே வீழ்த்துகிறான். டிக்கன்ஸ் தம் பயத்துக்கு உருவம் கொடுத்து, அதற்குப் பாப்பின் பெயரைச் சூட்டிவிட்டார். நியாயமா என்றால், இல்லை. ஆனால் பாத்திரங்கள் பிறக்கும் வழிகளிலே இதுவும் ஒன்று.

மற்றொரு வழி, தேடிப்போய்ப் பார்ப்பது. யார்க்ஷையரிலே சில பள்ளிகள் இருந்தன. வேண்டாத பிள்ளைகளைத் தள்ளிவிட வசதியான இடங்கள். லீவு கிடையாது என்று விளம்பரமே செய்வார்கள்! பட்டினி, அடி, கண் குருடான பிள்ளைகள் என்று ஒரு பள்ளி ஆசிரியர் மேல் வழக்கும் நடந்திருந்தது. 1838-ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலே டிக்கன்ஸ் தம் படக்காரருடன் அங்கே போனார். தம் பெயரை மறைத்து, ஒரு விதவையின் மகனுக்குப் பள்ளி தேடுவதாகச் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு போனார். வழக்கிலே மாட்டிய ஆசிரியரை நேரிலே பார்த்தார். அவருக்கு ஒரு கண்ணிலே பழுது. பனி மூடிய கல்லறைத் தோட்டத்திலே, அந்தப் பள்ளியிலே இறந்த ஓர் இளைஞனின் கல்லையும் பார்த்தார். திரும்பி வந்து ‘நிக்கலஸ் நிக்கிள்பி’ எழுதினார். அதிலே ஒற்றைக் கண் வாத்தியார் ஸ்குயர்ஸ், அடிபட்டு நலிகிற ஸ்மைக் என்ற பையன். கதை வெளிவந்ததும் நடந்ததுதான் வேடிக்கை: என்னைத்தான் எழுதிவிட்டான் என்று யார்க்ஷையரிலே ஒன்றுக்கு மேற்பட்ட வாத்தியார்கள் கொதித்தார்கள்! தாம் எழுதியது ஓர் ஆளை அல்ல, ஒரு கூட்டத்தையே என்றார் டிக்கன்ஸ். சில ஆண்டுகளிலே அந்தப் பள்ளிகளிலே பெரும்பாலானவை மறைந்தன.

ஆட்களைப் பிடித்துவிட்டால் மட்டும் போதுமா? வளர்க்க வேண்டுமே. அதற்கு அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. பெயர் சரியாக அமையாமல் ஒரு வரி எழுதமாட்டார். சஸ்ஸில்விட் என்ற ஒரு பெயரைப் பிடிப்பதற்கு முன் எத்தனையோ பெயர்களை எழுதி எழுதி அடித்தார். பின்னாளிலே குறிப்பு நோட்டு ஒன்று வைத்துப் பெயர்களாகவே பக்கங்களை நிரப்பினார். ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் ஒரு தாளை மடித்து, ஒரு பக்கத்திலே தமக்குத் தாமே கேள்வி போட்டுக்கொள்வார்: இவளைச் சாகவிடலாமா, இவனை இந்த மாதம் கொண்டுவரலாமா என்று. பக்கத்திலேயே விடையும் எழுதுவார்: ஆம், இல்லை, பிறகு பார்ப்போம். இரவிலே உறக்கம் வராவிட்டால் பத்து மைல், பதினைந்து மைல் லண்டன் தெருக்களிலே நடப்பார். உடல்நலம் தேறிவந்த மகள் மேமி ஒருநாள் அவர் எழுதும் அறையிலே படுத்திருந்தாள். எழுதிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்து ஓடினார், நிலைக்கண்ணாடி முன் நின்று முகத்தைக் கோணினார், வலித்தார், ஓடிவந்து எழுதினார், மறுபடியும் கண்ணாடி! மகள் அங்கே இருப்பதே அவர் நினைவிலில்லை. எழுதுகிற ஆளாகவே அவர் மாறிவிட்டார்.

1849-இல் தொடங்கிய ‘டேவிட் காப்பர்பீல்டு’ நாவலிலே தகப்பனாரையே கொண்டுவந்தார். கடனிலே மூழ்கியும் கம்பீரம் குறையாத மிக்காபர், ஜான் டிக்கன்ஸேதான். பாலிஷ் தொழிற்சாலையும் வந்தது. ஆனால் மதுப்புட்டி கழுவும் கிடங்காக வேடம் மாற்றி! தம் கதையை எழுதித் தம் பெயரை மறைத்துக்கொண்டார்.

அதே நாவலிலேதான் ஒரு வழக்கு வந்தது. டிக்கன்ஸ் வீட்டருகே, மிகக் குள்ளமான உருவமுடைய ஓர் அம்மையார் இருந்தார். பெயர் ஜேன் ஸீமோர் ஹில். வீடு வீடாய்ப் போய்க் கால் நகங்களுக்குச் சிகிச்சை செய்து மானத்தோடு பிழைத்தவர். 1849 டிசம்பர் இதழிலே, அதே உருவத்தோடு, அதே பாணியிலே, வெட்கமற்ற தரகுக்காரியாக ஒருத்தி வந்தாள். ஊரார் அம்மையாரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் அழுதார், பிறகு எழுதினார். உடற்குறையோடு உழைத்து வாழ்கிற என்னை இப்படிச் செய்யலாமா என்று கேட்டார். அப்போது டிக்கன்ஸ் புகழின் உச்சியிலே இருந்தவர். கற்பனை என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பல பேரைக் கலந்து செய்த உருவம் என்று கொஞ்சம் சமாதானம் சொன்னாரேயானாலும், அம்மையாரின் சாயல் அதிலே உண்டு என்பதை ஒப்புக்கொண்டார், வருந்தினார், கதையையே மாற்றுவதாக வாக்குக் கொடுத்தார். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். சில மாதங்களிலே அதே பாத்திரம் நல்லவளாகத் திரும்பி வந்து, உடல் குறைந்தவரின் உள்ளமும் குறைந்திருக்கும் என்று எண்ணாதீர் என்று அறிவுரை கூறிற்று! பாத்திரத்தின் நடை அந்த இடத்திலே தடுமாறுகிறது என்று கலை நுட்பம் பேசுகிறவர்கள் குறை சொல்வார்கள். தடுமாறினால் தடுமாறட்டும். உழைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்காக ஒரு நாவல் தடுமாறியது எனக்குப் பெருமையாகவே படுகிறது.

இனி, நமக்கும் அவருக்கும் உள்ள வழக்கு. பிரஸ்டன் நகரிலே பஞ்சாலைத் தொழிலாளர் நூற்றுக்குப் பத்துக் கூலி உயர்வு கேட்டார்கள். 1853 அக்டோபரிலே முதலாளிகள் ஆலைக் கதவுகளை அடைத்தார்கள். மாதக்கணக்கிலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அரை வயிற்றோடு நின்றன. 1854 ஜனவரி முடிவிலே டிக்கன்ஸ் அங்கே போய், தொழிலாளர் கூட்டத்திலே உட்கார்ந்து கேட்டார். திரும்பிவந்து தம் வாரப் பத்திரிகையிலே உள்ளதை உள்ளபடி எழுதினார். அமைதி, கட்டுப்பாடு, பைசா பைசாவாகச் சேர்ந்த நிதிக்கு ஒழுங்கான கணக்கு, இவற்றைப் பாராட்டினார். கூச்சல் போட வந்த ஒரு பேச்சாளனைத் தலைவராக இருந்த தொழிலாளி நிதானமாக அடக்கி உட்கார வைத்ததையும் எழுதினார்.

இரண்டு மாதம் கழித்து ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவல் தொடங்கிற்று. அதிலே என்ன பார்க்கிறோம்? அடக்கப்பட்ட அந்தக் கூச்சல்காரன் ஸ்லாக்பிரிட்ஜ் என்ற பெயரிலே மேடையேறிச் சங்கத்தையே ஆட்டிவைக்கிறான்! அவனை அடக்கிய தலைவரோ வலுவில்லாதவராகிப் போனார். நல்ல தொழிலாளி ஸ்டீபன் பிளாக்பூல் சங்கத்திலே சேராதவன். சங்கத்தார் அவனைத் தள்ளிவைக்கிறார்கள். கடைசியிலே பாழுங்கிணறு போன்ற சுரங்கக் குழியிலே விழுந்து மடிகிறான். முதலாளி பவுண்டர்பியை டிக்கன்ஸ் விட்டுவைக்கவில்லை, தோலை உரித்துக் காட்டினார், மெய்தான். ஆனால் தொழிலாளி தனியாக நின்றால் தெய்வம், கூடி நின்றால் கும்பல் என்பது எந்த ஊர் நியாயம்? கண்ணாலே கண்டதைவிட மனத்திலே முன்னமே இருந்த அச்சம் வலுத்துவிட்டது. பிரஸ்டன் தொழிலாளர் ஜேன் ஹில்லைப் போலக் கடிதம் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ! அவர்களுக்கு வேறு கவலை. 1854 மே மாதம், கேட்ட உயர்வு கிட்டாமலே வேலைக்குத் திரும்பினார்கள்.

தாம் காணாத மக்களிடம் அவர் கருணை இன்னும் குறைவு. 1857-இல் இந்தியாவிலே சிப்பாய்கள் எழுந்தபோது, இந்த இனத்தையே அழித்தொழிக்க வேண்டும் என்ற வகையிலே நெருப்பைக் கக்கிக் கடிதம் எழுதினார். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. அவருடைய மகன் வால்டர் பதினாறு வயதிலே படையதிகாரியாக அந்த ஆண்டுதான் இங்கே வந்தான். 1863 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவிலே இறந்தான். செய்தி தகப்பனாரை எட்டிய நாள், 1864 பிப்ரவரி 7, அவருடைய பிறந்த நாள்.

பேகினும் அவரை விடவில்லை. அந்தக் கொடியவனை அவர் யூதனாகப் படைத்து, பெயர் சொல்லும் இடத்திலெல்லாம் யூதன் யூதன் என்றே எழுதியிருந்தார். 1863-இல் எலைசா டேவிஸ் என்ற யூத அம்மையார், எங்கள் மக்களுக்குப் பெரும் அநீதி இழைத்தீர்கள் என்று எழுதினார். முதலிலே டிக்கன்ஸ் வாதாடினார். அப்புறம் யோசித்தார். அடுத்த நாவலிலே ரையா என்ற நல்ல யூதக் கிழவரைப் படைத்தார். 1867-இல் வந்த புதுப் பதிப்பிலே, பழைய கதையிலே பல இடங்களில் அந்தச் சொல்லை அடித்துப் பேகின் என்றே ஆக்கினார். ஆகவே இன்று நாம் படிக்கும் பக்கங்களிலே பாப்பின் பெயர் முன்னைவிட அதிகமாகவே இருக்கிறது!

1869-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ். வீட்டிலே எல்லோரும் கூடி ஒரு விளையாட்டு ஆடினார்கள். ஒருவர் ஒரு பெயரைச் சொல்ல, அடுத்தவர் அதைச் சொல்லித் தாம் ஒன்றைச் சேர்க்க, இப்படியே நீளும் ஞாபக விளையாட்டு. டிக்கன்சின் முறை வந்தது. முன் சொன்னவை அனைத்தையும் தவறாமல் ஒப்பித்துவிட்டு, தம் பங்குக்கு வாரன் கம்பெனி பூட்சு பாலிஷின் பெயரையும், ஸ்ட்ராண்ட் 30-ஆம் எண் என்ற அதன் விலாசத்தையும் சேர்த்தார். அவர் கண்ணிலே ஓர் ஒளி மின்னி மறைந்ததை மகன் ஹென்றி கவனித்தான். ஏன் அந்தப் பெயர் என்று ஒருவருக்கும் புரியவில்லை. ஆட்டம் அடுத்தவரிடம் போயிற்று.

1870 ஜூன் 9 அன்று டிக்கன்ஸ் மறைந்தார். வயது ஐம்பத்தெட்டு. சடங்கு ஆடம்பரம் வேண்டாம் என்று எழுதி வைத்திருந்தார். வெஸ்ட்மினிஸ்டர் கோயிலிலே புதைத்த குழியைச் சில நாள் மூடாமலே வைத்தார்கள். ஊர் ஜனங்கள் வரிசையாய் வந்து பார்த்துப் போனார்கள். நண்பர் பார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் முதல் பாகம் 1871-இல் மக்கள் கைக்கு எட்டிற்று. எலிகள் ஓடிய ஆற்றங்கரை வீடு, நீலத்தாள், நூல், ஆறு ஷில்லிங், பாப் பேகின் எல்லாம் அதிலே இருந்தன. அப்பா அந்தக் கிறிஸ்துமஸ் இரவிலே சொன்ன விலாசம் எதுவென்று பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரிந்தது.